அக்கா ஃப்ளாட்டில் ஒரு கசிவு

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு, ஊருக்குப் போய் வந்து எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பாத்ரூம் சுவர்தான் கண்ணிலேயே நிற்கிறது.

அக்காவும் மாமாவும் திருவொற்றியூர் பக்கம் ஒரு லக்ஷுரி அடுக்ககத்துக்குக் குடிபோயிருக்கிறார்கள். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு அந்த ரோட்டின் முகமே மாறிவிட்டது. லாபியில் மார்பிள், மாடியில் நீச்சல் குளம், கரண்ட் போனால் கண் மூடித் திறப்பதற்குள் ஜெனரேட்டர். தெரு அடிபம்பில் குடம் வரிசை போட்டு வளர்ந்த எங்களுக்கு, அந்த ஷவரில் தண்ணீர் கொட்டிய வேகமே பெரிய விஷயம். சாதா வீட்டில் டேங்க் தலைக்கு மேல் பத்தடியில், அதாவது மூன்று மீட்டரில் இருக்கும். பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும், அதனால் அங்கே ஷவர் சொட்டத்தான் செய்யும். இங்கே பிரஷர் பம்ப் வைத்துத் தள்ளுகிறார்கள். காசு கொடுத்ததற்கு இது நியாயமான சுகம்தான்.

எனக்குக் கொடுத்த அறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறியிருந்தது. பெயின்ட் பொரித்த அப்பளம் மாதிரி பொருமி நின்றது. தொட்டால் உதிர்ந்தது, உள்ளே ஈரம்.

"ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டிருக்கேன்டா, வருவாங்க" என்றாள் அக்கா. வந்தார்கள். முதலில் ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் இன்னொருவர் வந்து அதே இடத்தை மறுபடி போட்டோ எடுத்தார். சாயங்காலம் பார்த்தால் ஆப்பில் 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை டிக். சுவர் ஈரமாகவே இருந்தது. போன் செய்தால், "சார், கன்சீல்டு லைன் சார். டைல்ஸை ஒடச்சாத்தான் தெரியும். அதுக்கு மேல கேக்கணும்" என்றார் சூப்பர்வைசர். மேலே யார் என்று அவருக்கும் தெரியவில்லை. வெளியிலிருந்து பிளம்பரைக் கூட்டி வரலாமா என்றால், கேட்டில் அனுமதி இல்லை. வந்தாலும் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டும் வரைபடம் அக்காவிடம் இல்லை. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய வீட்டின் குழாய்ப் பாதை அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. இதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் அம்மா இருக்கும் பழைய வீட்டில் குழாயெல்லாம் வெளிச்சுவரில்தான் ஓடும். பார்க்க அழகில்லை, பாசி பிடித்திருக்கும். ஆனால் எங்கே கசிகிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரியும். அதே வாரம் அங்கே ஒரு குழாய் ஒழுகியது. அம்மா தெருமுனை பிளம்பரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவர் சைக்கிளில் வந்து, கேட்வால்வை மூடி, வாஷரை மாற்றி, டெஃப்லான் டேப் நாலு சுற்று சுற்றிவிட்டு, "முட்ச்சிட்டேம்மா, தொறந்து பாருங்க" என்றார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் நான் இருப்பது சாதாரண வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்ககம். என் பாத்ரூம் கூரையில் மேல் வீட்டுக் கழிவுக் குழாய் அப்படியே தெரியும். யாரும் அதை அசிங்கமாக நினைப்பதில்லை. கூரை கசிந்தால் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர். கோடீஸ்வரர் காண்டோவிலும் (தனியார் அடுக்ககம்) அதே தண்ணீர்தான். சிங்கப்பூரில் பணக்கார வீடு என்றால் இடமும் நீச்சல் குளமும்தான் கூடுதல். சென்னையிலோ விட்டுப்போகாத கரண்டும் அழுத்தமான தண்ணீரும்கூட லக்ஷுரிக் கணக்கில் வருகின்றன. எனக்கு வலிப்பது அதுதான். நம்ம வட சென்னைக்கு இது எப்போதோ சாதாரணமாகியிருக்க வேண்டும்.

சரி, சுவருக்கு வருகிறேன். மாமா கடைசியில் சட்டத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, பிரிவு 14(3). வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டியவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரி செய்ய வேண்டும். இதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, கொடுத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஆள் வந்தது. நாலு டைல்ஸை உடைத்தார்கள். சுடுதண்ணீர்க் குழாயின் எல்போ (வளைவில் வரும் இணைப்பு) ஒன்று சரியாக ஒட்டப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. விரலளவு ஜாயின்ட்தான்! அதைச் சரி செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அதே நிற டைல்ஸ் இப்போது கிடைக்கவில்லையாம். வேறு நிறத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அக்காவுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

இப்படிப்பட்ட வீடு பார்க்கிற நம்ம ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். மார்பிளையும் மாடுலர் கிச்சனையும் அப்புறம் பாருங்கள். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாத்ரூம் சுவரையும் குழாயோடு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். குழாய்கள் இறங்கும் டக்டில் ஆள் நுழையக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்கும்போது ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரு பெட்டி கூடுதலாகக் கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.