ஆத்தங்குடிக் கல்லுக்குப் பணம் வரவில்லையா: கோர்ட்டா, நடுவரா?
கண்ணாடிமேல் வார்த்த ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெட்டி கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பியாயிற்று. பணம் மட்டும் வரவில்லை. காரைக்குடியில் வழக்குப் போடலாம், வக்கீலும் தெரிந்தவர்தான். ஆனால் தீர்ப்புகளை நிறைவேற்றிக்கொள்ள இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் கிடையாது. இங்கே வாங்கிய கோர்ட் தீர்ப்பாணையை (டிகிரியை) ஏற்கச் சொல்லி அங்கே மறுபடி கோர்ட் ஏற வேண்டும்.

நடுவர் என்றால் கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்க இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஆள். அவர் தரும் தீர்ப்பு வேறு கதை. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற நாடுகள் செய்துகொண்ட 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா 1960-லும் அமெரிக்கா 1970-லும் சேர்ந்தன. அங்குள்ள கோர்ட் வழக்கை முதலிலிருந்து கிளறாது. சில குறிப்பிட்ட காரணங்களுக்காகத்தான் மறுக்க முடியும். நடுவர் ஃபீஸ் கையைக் கடிக்கும், சின்னச் சரக்குக்குக் கட்டாது. பெரிய ஆர்டர் என்றால் என் ஓட்டு இதற்கே.

சரி, அதற்கு வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து எழுத்தில் இருக்க வேண்டுமே! கொண்டுவிற்கப் போன ஊர்க்காரர்கள் நாம், வாட்ஸ்அப்பில் ஒரு 'ஓகே'யை நம்பிச் சரக்கு ஏற்றுகிறோம்.