படம் காட்டும் பெட்டியில் படம் எடுப்பது: பழைய ஸ்லைடு புரொஜெக்டருடன் என் அனுபவம்

என்னிடம் இருப்பது கோடாக் கரோசல் எஸ்-ஏவி 2000 வரிசை ஸ்லைடு புரொஜெக்டர். ஸ்லைடு என்பது சிறு சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் படம், அதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டுவது இந்தப் பெட்டி. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தயாரானது. மருத்துவ மாநாடு, கல்லூரி வகுப்பறை என்று இந்த மாதிரிப் பெட்டிகள் ஒரு காலத்தில் ஓயாமல் ஓடின. கம்ப்யூட்டரும் டிஜிட்டல் புரொஜெக்டரும் வந்ததும் பீரோ மேல் ஏறி, அங்கிருந்து பழைய சாமான் கடைக்கு இறங்கின. என்னுடையதும் அப்படி வந்ததுதான். வீட்டிலிருந்த பழைய ஸ்லைடுகளைப் பார்க்கலாம் என்றுதான் வாங்கினேன். வருடங்கள் ஓட ஓட அதன் வேலையே மாறிவிட்டது: முகங்களின் மேல் வெளிச்ச உருவங்களை விழவைக்கும் விளக்காகிவிட்டது. ஸ்டூடியோ விளக்குகள் இருந்தும், போர்ட்ரெய்ட் எடுக்க உட்கார்ந்தால் கை இந்தப் பெட்டியின் ஸ்விட்சுக்குத்தான் போகிறது. பழைய புரொஜெக்டர் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: படம் பார்க்க மட்டும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள், படம் எடுக்க என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

கரோசலை கோடாக் 1961-ல் கொண்டுவந்தது. யோசனை மிக எளியது. மேலே ஒரு வட்ட டிரே, அதில் 80 ஸ்லைடு. பட்டனை அழுத்தினால் டிரே ஒரு கட்டம் நகரும், ஸ்லைடு தன் எடையிலேயே கீழே விழுந்து வெளிச்சத்துக்குக் குறுக்கே நிற்கும். மறுபடி அழுத்தினால் ஒரு நெம்புகோல் அதை மேலே தள்ளிவிட்டு அடுத்ததற்கு இடம் விடும். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதற்கு வைத்தியம் பார்க்க முடிகிறது. என் பெட்டி வந்தபோது உள்ளே இருந்த கிரீஸ் வயசாகி மெழுகு போல இறுகியிருந்தது, டிரே நகரவில்லை. தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுல போர்டு வேலை ரொம்பக் கம்மி சார், எல்லாம் பல்சக்கரம்தான். கழுவி விட்டா ஓடிரும்" என்றார். கழுவினார், புது கிரீஸ் வைத்தார், இன்றுவரை ஓடுகிறது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பது 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் பல்பு. இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டரை ஒரு முகத்தின் மேல் அடித்துப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒற்றைச் சிப் வைத்த டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் வகை) புரொஜெக்டரில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி வருகின்றன. கண் அதையெல்லாம் கலந்து ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும், கேமரா அப்படிச் செய்யாது. ஷட்டர் ஸ்பீடை ஏற்றினால் கன்னத்தில் சிவப்புப் பட்டை, நெற்றியில் பச்சைப் பட்டை என்று விழும். எல்சிடி வகையில் கிட்டப் போனால் பிக்ஸல் கட்டங்கள் தோலின் மேல் வலை விரித்தது போலத் தெரியும். ஹாலஜன் இழைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கனமான இழை, சூடு சட்டென்று ஆறாது, அதனால் வெளிச்சம் சீராக இருக்கும். ஸ்லைடில் கட்டமும் இல்லை, இருப்பது ஃபிலிமின் மணல்மணிதான் (கிரெய்ன் என்று சொல்லும் நுண்துகள்கள்). அது தோலோடு கலந்து நிற்கும். வெளிச்சத்தின் நிறம் சுமார் 3,300 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல், ஆகவே கேமராவில் வொயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) டங்ஸ்டனில் வைத்துவிட்டால் போதும்.

ஆரம்பத்தில் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்த படங்களைத்தான் முகங்கள் மேல் விழ வைத்தேன். நன்றாகவே வந்தன, ஆனால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் என்று நெரிசலாக இருந்தது. அப்புறம்தான் ஸ்லைடுக்குப் பதிலாகப் பொருளையே வைக்கலாமே என்று தோன்றியது. ஸ்லைடு மவுண்ட், அதாவது ஃபிலிமைப் பிடிக்கும் சட்டம், 5 செ.மீ. சதுரம். கண்ணாடி போட்ட மவுண்ட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் 24-க்கு 36 மி.மீ. இடத்தில் அடங்குகிற, தட்டையாக இருக்கிற எதையும் வைக்கலாம். தும்பிச் சிறகு, வெங்காயத் தோலின் மெல்லிய சவ்வு, கொசுவலைத் துண்டு, குண்டூசியால் குத்திய அலுமினியத் தாள் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் மிஞ்சியது அரசிலை.

அரசிலையைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் சதைப்பகுதி அழுகிப்போய் நரம்பு மட்டும் நிற்கும். மெல்லிய பிரஷ்ஷால் மிச்சத்தைத் தள்ளிவிட்டு, புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடிக்குள் படிந்துவிடும். நடு நரம்பும் அதிலிருந்து கிளைகள் பிரியும் இடமும் வருகிற மாதிரி ஒரு துண்டு வெட்டி மவுண்டில் வைத்தேன். பெரியம்மாவை ஜன்னல் ஓரம் முக்காலியில் உட்காரவைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி, சுமார் இரண்டு மீட்டர் தள்ளி 85 மி.மீ. லென்ஸோடு புரொஜெக்டரை வைத்தேன். அந்தத் தூரத்தில் வெளிச்சக் கட்டம் 80 செ.மீ. அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வரும், முகமும் தோளும் அடங்கிவிடும். ஸ்விட்சைப் போட்டதும் பெரியம்மா, "ஏண்டா, மூஞ்சில ஏதோ ஊர்ற மாதிரி இருக்கே" என்றார். "வெளிச்சந்தான் பெரியம்மா, கண்ணை மட்டும் லேசா மூடிக்கோங்க" என்றேன். நடு நரம்பு நெற்றிப்பொட்டிலிருந்து மூக்கு வழியே இறங்கி, கிளை நரம்புகள் கன்னத்தில் விரிந்தன. கன்னத்துச் சுருக்கம் எங்கே முடிகிறது, இலை நரம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இதை ஃபோட்டோஷாப்பில் செய்துகொள்ளலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் அங்கே ஒட்டினால் இலை தட்டையாக ஒட்டும். இங்கே மூக்கு மேட்டில் கோடு வளைகிறது, கண்குழியில் இறங்குகிறது, தாடை திரும்பும் இடத்தில் நீள்கிறது, காதுக்குப் பின்னால் ஃபோகஸ் தப்பிக் கரைகிறது. முகத்தின் மேடு பள்ளத்தை வெளிச்சமே அளந்து எழுதுகிறது.

கேமரா அளவு கேட்பவர்களுக்கு: நடுத்தர அடர்த்தியுள்ள ஸ்லைடு, மேலே சொன்ன தூரம் என்றால், ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, 1/60 வினாடி. இதிலிருந்து தொடங்கி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஊசி குத்திய அலுமினியத் தாளில் வெளிச்சப் புள்ளிகள் பளீரென்று இருக்கும், அங்கே இரண்டு மூன்று ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அறையில் வேறு வெளிச்சம் கூடவே கூடாது. வாசல் டியூப்லைட் கதவு இடுக்கில் கசிந்தாலும் கறுப்பு சாம்பலாகிவிடும். உட்கார்ந்திருப்பவர் லென்ஸை நேராகப் பார்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், 250 வாட் கண்ணுக்கு நல்லதல்ல.

சாம்பிராணிப் புகையின் மேல் அடிப்பது இன்னொரு வித்தை. புரொஜெக்டர் பக்கத்திலேயே கேமராவை வைத்தால் புகை மங்கலாகத்தான் தெரியும். புகைக்கு அந்தப் பக்கம் போய், புரொஜெக்டரைப் பார்த்தபடி, நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி நின்றால் அதே புகை ஜொலிக்கும். புகைத்துகள்கள் வெளிச்சத்தைப் பின்னால் திருப்புவதைவிட முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கின்றன. விசிறி புகையை உள்ளே இழுக்காத தூரத்தில் தட்டை வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் பிசுக்கு.

போலரைசர் ஷீட் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) இரண்டு துண்டுக்கு நடுவில் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டி மவுண்டில் போட்டால், நிறமே இல்லாத டேப்பிலிருந்து நீலமும் மஞ்சளும் ஊதாவும் சுவரில் இறங்கும். அடுக்கின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். இந்த ஷீட் சூடு தாங்காது, ஓரிரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். 1960களில் ராக் கச்சேரி மேடைகளில் கண்ணாடிகளுக்கு நடுவில் வண்ண மை விட்டு, பல்பின் சூட்டில் அது கொதித்து நகர்வதைத் திரையில் காட்டினார்கள். அதை நான் செய்வதில்லை, கரண்டும் திரவமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வெளியே கொண்டுபோனால் வேறொரு உலகம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், ஓட்டுக்கூரை, வேப்பமரத்து அடிமரம் எல்லாமே திரைதான். போலந்தில் பிறந்த கலைஞர் கிஷிஷ்தோஃப் வோடிச்கோ 1980களில் நகரத்துக் கட்டடங்களின் முகப்புகளில் ஸ்லைடுகளை விழவைத்து அவற்றைப் பேசவைத்தார். 1985-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறவெறி அரசின் தூதரகமாக இருந்த தென்னாப்பிரிக்க மாளிகையின் முகப்பில் அவர் விழச்செய்தது நாஜிச் சின்னம். ஒரு ஸ்லைடும் ஒரு விளக்கும் எவ்வளவு தூரம் போக முடியும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. அவர் அளவுக்குப் பெரிய முகப்புக்கு வீட்டுப் பெட்டி போதாது. ஒரு திண்ணை, ஒரு துளசிமாடம், இருட்டான தெரு என்றால் தாராளம்.

சரி, வெறும் ஸ்லைடு பார்ப்பது எப்படி? அதிலும் இதற்கு ஈடு கிடையாது. இருட்டறையில் நல்ல ஸ்லைடு விழும்போது நிழலுக்குள்ளும் நிறம் இருக்கும், வெண்மை உண்மையிலேயே ஒளிரும். ஆனால் ஃபிலிமைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போடுங்கள். கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும், புரொஜெக்டர் வெளிச்சத்தில்தான் சீக்கிரம் வெளிறும். அதை இனி எடுக்கவும் வழியில்லை. 2009-ல் கோடாக் அதை நிறுத்தியது, கடைசியாக அதைக் கழுவிக்கொண்டிருந்த அமெரிக்காவின் கான்சஸ் மாநில லேப் 2010 டிசம்பரோடு முடித்துக்கொண்டது. எனவே கோடாக்ரோம் கிடைத்தால் முதலில் டிஜிட்டல் பிரதி எடுங்கள், அப்புறம் அளவாகப் போட்டுப் பாருங்கள். கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமில் பழையவை இதற்கு நேர் எதிர்: இருட்டுப் பெட்டிக்குள்ளேயே நீலப்பச்சை போய், எல்லாம் செக்கச்செவேலென்று ஆகியிருக்கும். எக்டாக்ரோமை கோடாக் 2012-ல் நிறுத்தி, 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. விலை கசக்கும், கழுவித்தர ஆள் தேட வேண்டும். ஸ்லைடு ஃபிலிம் கழுவும் ஈ-6 ரசாயனத்தை வீட்டிலேயே 38 டிகிரி செல்சியஸில் வைத்துக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு ஸ்லைடை ஒரே மவுண்டில் அடுக்குவது பழைய சலோன் (புகைப்படக் கண்காட்சிப் போட்டி) புகைப்படக்காரர்களின் உத்தி. இரண்டும் சேர்ந்தால் அடர்த்தி கூடும், ஆகவே ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப் வெளிறியதாக இருக்க வேண்டும். எக்ஸ்போஷர் தப்பியது என்று தூக்கிப்போடும் ஸ்லைடுகள் இதற்கு அருமையாகப் பயன்படும். வெளிறிய வானத்தோடு ஒரு நூல்புடவையின் நெசவைச் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்லைடை டிரேயில் எட்டு விதமாகச் செருகலாம், ஒன்றுதான் சரி. கையில் நேராகப் பிடித்து, திரையில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படிப் பார்த்து, இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். பின்பு அப்படியே தலைகீழாகச் சுற்றினால் புள்ளி வலது மேல் மூலைக்கு, கட்டைவிரலுக்கு அடியில் வந்துவிடும். திரையைப் பார்த்து நின்று அப்படியே செருகவும். நம் ஊர் டாக்கீஸ்களில் இடைவேளையில் கடை விளம்பரம் போட்ட கண்ணாடி ஸ்லைடுகள் கிடைத்தால் இதில் போட முடியாது, அவை இந்தச் சட்டத்தைவிடப் பெரியவை. டியூப்லைட் முன்னால் பால் அக்ரிலிக் தகடு வைத்து அழகாகப் பிரதி எடுக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அட்டை மவுண்டில் இருக்கும் ஸ்லைடு சூட்டில் சட்டென்று உப்பும், ஃபோகஸ் கண்ணெதிரே கரையும். கண்ணாடி மவுண்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஃபிலிம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் வானவில் வளையம் விழலாம். சொரசொரப்பான கண்ணாடி போட்ட மவுண்டை வாங்கினால் அதுவும் தீரும். மே மாதத்தில் சாத்திய அறையில் இதை ஓட்டுவது கடினம். விசிறிச் சத்தத்தால் வீடியோவுக்கு நேரடி ஒலிப்பதிவு நடக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பூஞ்சை. கடற்கரை ஊரில் இருப்பவர்கள் ஸ்லைடையும் லென்ஸையும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஃபிலிமின் ஜெலட்டினில் பூஞ்சை ஏறிவிட்டால் திரும்ப வழியில்லை.

பல்பை வெறும் கையால் தொடாதீர்கள், விரல் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடாகிக் கண்ணாடி கெட்டுவிடும். விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் விசிறியை ஓடவிடுங்கள். 24 வோல்ட், 250 வாட் பல்பு வேறு கருவிகளுக்கும் பயன்படுவதால் இன்னும் கிடைக்கிறது. அமெரிக்க மாடல் மலிவாக வந்தால் கவனம், அது 120 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கருவி, பல்பும் வேறு.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு ஸ்லைடு கொண்டுபோங்கள். கோடாக் 2004-லேயே ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்திவிட்டது, எனவே எது கிடைத்தாலும் வயசானதுதான். டிரே இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். டிரே நகர்கிறதா, விழுந்த ஸ்லைடு திரும்ப மேலே வருகிறதா, விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே இருக்கும், வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்ஸர் கண்ணாடிகளையும் வெப்பம் தடுக்கும் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். வெப்பக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் முதல் ஸ்லைடே வெந்துவிடும். பல்பு எரியவில்லை என்பது மட்டுமே குறை என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள், வரும் வழியில் பல்பு இரண்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.