முதுகுப்பையின் தோள்வாரில் உறைக்கத்தி: எந்தக் கட்டு, எந்தத் திசை?

முதுகுப்பையின் இடுப்புவாரைப் பூட்டியவுடன் பெல்ட்டில் செருகியிருக்கும் கத்தி அதன் அடியில் அகப்பட்டுக்கொள்கிறது. கைப்பிடி விலாவில் குத்துகிறது, அவசரத்துக்கு உருவவும் வருவதில்லை. பலர் கத்தியைத் தோள்வாருக்கு மாற்றுவது இதனால்தான், அது நியாயமான காரணமும்கூட. ஆனால் பெல்ட்டுக்குப் பொருந்திய கட்டு தோள்வாருக்குப் பொருந்தாது. பெல்ட் தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. தோள்வாரோ உள்ளே நுரை வைத்துத் தைத்தது, ஒவ்வோர் அடியிலும் சற்று வளைந்து நிமிர்வது. அதில் விறைப்பான உறையை ஒரே இடத்தில் பிணைத்தால், எவ்வளவு இறுக்கினாலும், உறை அந்த இடத்தை அச்சாகக் கொண்டு திரும்பத் தொடங்கும். எனவே கீழே வரும் ஒவ்வொரு முறையையும் நான் முதலில் எடைபோடுவது, அது உறையை இரண்டு இடங்களில், போதிய இடைவெளி விட்டுப் பிடிக்கிறதா என்பதை வைத்துத்தான்.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது, உறையோடு சேர்ந்தே வரும் பெல்ட் கிளிப். தோள்வாரின் மேல் ஓடும் நாடாவில் அதைச் செருகிவிட ஒரு நொடி போதும். கழன்று விழவும் அதே நொடிதான். புதர்களுக்கு நடுவே நுழையும்போது ஒரு கிளை கைப்பிடியில் மாட்டி மேல்நோக்கி இழுத்தால், கத்தி உறையோடு போய்விடும். டெக்-லாக் போன்ற பூட்டுக் கொக்கிகள் தாமாகக் கழலுவதில்லை என்றாலும், அவை ஏறத்தாழ 5 செ.மீ. அகல இடுப்பு பெல்ட்டை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. நுரை வைத்த தோள்வாரைச் சுற்றி அவற்றை மூட முடிவதில்லை. மெல்லிய நாடாவில் மாட்டினாலோ உள்ளே இடம் மிஞ்சி ஆடுகின்றன.

மோலி (MOLLE) எனப்படும் ராணுவப் பாணி நாடா வரிசைகள் தைத்த பைகளை வைத்திருப்பவர்களுக்குக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அந்த அமைப்பில் 25 மி.மீ. அகல நாடா, 38 மி.மீ.க்கு ஒரு தையலாக வரிசை வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். நீண்ட பிளாஸ்டிக் கிளிப்பை உறையின் பின்புறத்துக்கும் இந்த வரிசைகளுக்கும் மாறி மாறி நுழைத்துக் கீழே பூட்டினால், உறை பல வரிசைகளில் ஒரே நேரத்தில் பிடிபடுகிறது. தோள்வாரில் பெரும்பாலும் ஒரே ஒரு நெடுக்குவரிசைக்குத்தான் இடம் உண்டு, அந்த இடத்துக்கு மார்புவாரும் தண்ணீர்க்குழாயும் போட்டி போடும். இவற்றைத் தவிர இந்த முறையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

சாதாரண நடைப்பயணப் பையில் அந்த வசதி இருக்காது. அங்கே போட்டி பாராகார்ட் என்ற மெல்லிய நைலான் கயிற்றுக்கும் ரப்பர் பட்டைக்கும் பிளாஸ்டிக் கேபிள் டைக்கும் இடையில்தான். கேபிள் டை இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் வெட்டிவிட்ட நுனி பிளேடைப் போல நின்று கழுத்தையும் சட்டையையும் கீறும். கழற்ற வேண்டுமானால் வெட்டித்தான் எறிய வேண்டும். தற்காலிகத் தேவைக்கு மேல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சைக்கிள் ட்யூபைக் குறுக்கே வெட்டிய பட்டைகள் பலர் நினைப்பதைவிட நன்றாகவே வேலை செய்கின்றன, ஈரத்திலும் வழுக்குவதில்லை. ஆனால் வாரை முழுவதுமாகச் சுற்றிப் பிடிப்பதால் நுரையை நசுக்குகின்றன. நாள்பட வெயிலில் வெடிப்பும் விடுகின்றன.

பாராகார்ட் 4 மி.மீ. தடிமனுள்ளது, 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது. இந்த வேலைக்கு அந்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது, கயிறு எதைச் சுற்றிப் போகிறது என்பதைத்தான். வாரை முழுவதுமாகச் சுற்றினால் முடிச்சு மார்பு எலும்பின்மேல் உட்கார்ந்து, பாரம் ஏறியதும் உறுத்தத் தொடங்கும். வாரின் முகப்பில் தைத்திருக்கும் நாடாவுக்கு அடியில் மட்டும் கயிற்றை நுழைத்து, உறையின் ஓரக் கண்ணிகள் வழியாக வெளியே எடுத்து, மேலே ஒரு கட்டும் கீழே ஒரு கட்டுமாகத் தனித்தனியே முடிய வேண்டும். முடிச்சுகள் உறையின் முன்பக்கத்துக்கு வர வேண்டும், இரண்டு கட்டுகளுக்கும் இடையே 6 செ.மீ.யாவது இருக்க வேண்டும். நைலான் ஈரத்தில் சற்று நெகிழும் என்பதால், மழைக்குப் பிறகு ஒருமுறை இறுக்குவது நல்லது. சாதாரணப் பைக்கு என் தேர்வு இதுதான்.

உறை அசையாமல் நின்றால் போதாது. அதற்குள் கத்தியும் நிற்க வேண்டும். கைப்பிடி மேலா கீழா என்ற வாதத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கைப்பிடி கீழே இருந்தால், கை இயல்பாக விழும் இடத்திலேயே பிடி கிடைக்கும், முகத்துக்கு அப்பால் இழுத்து எடுக்கலாம். ஆனால் எந்நேரமும் புவியீர்ப்பு கத்தியை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும், திரும்பச் செருகும்போது முனை கழுத்தை நோக்கிப் போகும். கைப்பிடி மேலே இருந்தால் கத்தி தானாக விழாது, ஆனால் உருவும் கை தாடையை நோக்கி வருகிறது, கைப்பிடி நீளமானால் தலையைத் திருப்பும்போதெல்லாம் இடிக்கும். வேகம் தேவைப்படும் வேலை நடைப்பயணத்தில் அரிது, செருகும் வேலையோ ஒவ்வொரு முறையும் உண்டு. ஆகையால் மொத்த நீளம் 20 செ.மீ.க்கு உட்பட்ட சிறு கத்தியைக் கைப்பிடி மேலாக, வலக்கைக்காரர் இடத் தோள்வாரில் வைப்பதே சரி என்பது என் முடிவு. கைப்பிடி கீழாகத்தான் வேண்டும் என்பவர், அழுத்திச் செருகினால் ‘க்ளிக்’ என்று பிடிக்கும் கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) உறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதையும் தலைகீழாகப் பிடித்து, ஆளில்லாத பக்கம் பலமாக உதறிப் பார்த்து, கத்தி அசையவில்லை என்றால் மட்டுமே.

தோல் உறையை இந்த இடத்துக்கு நான் ஏற்கவில்லை. தோள்வார் வியர்வையில் ஊறும் பகுதி; ஈரத்தில் தோல் இளகிப் பிடியை விடும், உப்பைத் தேக்கிக் கார்பன் எஃகில் துருவேற்றும். தோலுறைதான் கைவசம் என்றால், கைப்பிடியைச் சுற்றிப் பொத்தானிடும் வார் அதில் இருக்க வேண்டும், கைப்பிடி மேலாக மட்டுமே வைக்க வேண்டும்.

உயரத்தைப் பையை மாட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அக்குளுக்கு அருகே வைத்தால், இரண்டாவது கையை வாருக்குள் நுழைக்கும் ஒவ்வொரு முறையும் உறையில் இடிக்கும்; தோளெலும்பின்மேல் வைத்தால் பாரம் அதை எலும்புக்குள் அழுத்தும். மார்புவாரின் பக்கிளுக்குச் சற்று மேலே உள்ள தட்டையான பகுதியே பெரும்பாலோருக்கு ஒத்துவரும். குப்புற விழுந்தால் அங்கே இருக்கும் எந்த விறைப்பான பொருளும் விலாவில் இடிக்கும் என்பதால், வழுக்குப்பாறைகளில் ஏறும் பாதைகளுக்கு முன் கத்தியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம். வெளிப்படையாகத் தெரியும் கத்தியைப் பல நாடுகளின் சட்டம் பொது இடத்தில் அனுமதிப்பதில்லை. பாதை தொடங்கும் இடம்வரை அது பைக்குள் இருப்பதே முறை.

தோள்வார் எவ்வளவு வசதியாக இருந்தாலும், பையை இறக்கியவுடன் கத்தியும் இறங்கிவிடுகிறது. ஆற்றைக் கடக்கும்போது இடுப்புவாரையும் மார்புவாரையும் அவிழ்த்துவிடுவது வழக்கம். நீர் இழுத்தால் பையை உதறிவிடத்தான் அந்த ஏற்பாடு, உதறினால் கத்தியும் அதோடு போகும். வேகநீரில் படகு செலுத்துபவர்கள் மழுங்கிய முனையுள்ள கத்தியை உயிர்காப்பு அங்கியிலேயே மாட்டுவதும் இந்தக் கணக்கில்தான். கத்தி ஆபத்துக்காலக் கருவி என்று கருதுபவர், தோள்வாரில் எதை வைத்திருந்தாலும், கால்சட்டைப் பையில் ஒரு சிறிய மடக்குக்கத்தியையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.