ஜூன் விடுமுறைக்குப் பாலியா, லொம்போக்கா?

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினாலே பல வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இரண்டும் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவுகள், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணம். ஜூனில் இரண்டிலும் மழை குறைவு.

மலை
பாலி: பாத்தூர், 1,717 மீட்டர். விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரம் ஏறினால் உச்சியில் சூரிய உதயம். ஓரளவு நடக்கும் பிள்ளைகளுக்குச் சரி.
லொம்போக்: ரிஞ்சானி, 3,726 மீட்டர். கூடாரத்தில் தங்கித்தான் ஏற வேண்டும். கடைசிச் சரிவு முழுக்கக் காலை இழுக்கும் சரளையும் சாம்பலும். கீழே பள்ளத்தில் செகாரா அனாக் ஏரி தெரியும்போது வலி மறந்துபோகும். ஆனால் பயிற்சி இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள்.

சாப்பாடு
பாலி: இந்திய உணவகங்கள் நிறைய. சைவக்காரர்களுக்குக் கவலையில்லை.
லொம்போக்: ஹலால் எங்கும் கிடைக்கும். சைவம்தான் சிரமம், கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள்.

செலவு
பாலி: வெளிநாட்டவருக்கு 2024 முதல் தலைக்கு 1,50,000 ருப்பியா சுற்றுலாக் கட்டணம்.
லொம்போக்: அந்தக் கட்டணம் இல்லை.

அலைச்சல்
பாலி: தெற்கில் போக்குவரத்து நெரிசல் கடுமை.
லொம்போக்: சாலைகள் காலி. பக்கத்துக் கிலி தீவுகளில் மோட்டார் வாகனமே கிடையாது.

தாத்தா பாட்டியோடு, கோயில் பார்க்கவும் போவதென்றால் பாலி. அங்குள்ள பெரிய கோயிலான பெசாக்கி ஒன்றுக்காகவே போகலாம். மலையேறும் நண்பர்கள் கூட்டத்துக்கு லொம்போக்தான்.