கொலு பொம்மைகளைக் கட்டி வைப்பது: 12 வருட அனுபவம்

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பரணிலிருந்து பெட்டிகளை இறக்குவோம். எங்கள் வீட்டில் 7 படி. மாமியார் கொடுத்த மண் பொம்மைகளும் நான் வாங்கிச் சேர்த்த காகிதக்கூழ் பொம்மைகளுமாக நூற்றுக்கு மேல் இருக்கும். கட்டி வைப்பது 12 வருடமாக என் பொறுப்பு.

முதல் நாலு வருடம் அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும்தான். நவராத்திரி முடிந்த கையோடு ஐப்பசி அடைமழை வந்துவிடுமே, ஒரு வருடம் பரண் சுவரில் ஈரம் இறங்கி அட்டை நமத்துவிட்டது. அந்த வழியாகக் கரையான் ஏறி, காகிதக்கூழ் பிள்ளையாரின் பீடத்தைப் பாதி தின்றுவிட்டது. பக்கத்திலிருந்த மண் பொம்மைகளை அது தொடவில்லை.

பயந்துபோய் எல்லாவற்றையும் பபிள் ஷீட்டில் சுற்றினேன். உடையாது, உண்மைதான். ஆனால் எங்கள் பரணுக்கு மேலே மொட்டை மாடி. சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி காயும். அடுத்த கொலுவுக்குப் பிரித்தபோது கிருஷ்ணனின் கன்னத்தில் வட்ட வட்டமாகத் தடம். மெதுவாகத்தான் இழுத்தேன், நீல வண்ணம் ஷீட்டோடு உரிந்து வந்துவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காலத்துப் பொம்மை அது.

அப்புறம் அவர் வழிக்கே திரும்பினேன்: பழைய பருத்தி வேட்டி. கஞ்சி போடாமல் துவைத்திருக்க வேண்டும், கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும். முதலில் முகத்துக்கு ஒரு மல் துணி, பிறகு உடம்பைச் சுற்றி வேட்டித் துண்டு. மூக்கும் விரலும்தான் முதலில் போகும், அங்கே மட்டும் இரண்டு சுற்று. கட்டுவதற்கு முன் உலர்ந்த பிரஷால் தூசி தட்டினால் போதும். ஈரத் துணி பட்டால் மண் பொம்மையில் சாயம் கரையும்.

பெட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. 50 லிட்டர் வாங்கி ஏமாந்தேன். மண் பொம்மை நிரம்பினால் ஏணியில் நின்று தூக்க முடியாது. 30 லிட்டர்தான் சரி. ஒரு பெட்டிக்கு ஒரு செட்: தசாவதாரம் தனி, செட்டியார் கடை தனி. மூடியில் அந்த செட்டின் போட்டோவை ஒட்டியிருக்கிறேன். ராமர் வில், முருகன் வேல் எல்லாம் சின்னத் துணிப்பையில் போட்டு அந்தந்தப் பொம்மையின் இடுப்பிலேயே கட்டிவிடுவேன்.

பாச்சை உருண்டை வேண்டாம். தெர்மாகோலில் செய்த கோபுரத்தோடு போட்டு வைத்தேன், உருண்டை இருந்த பக்கம் குழிந்து உருகிவிட்டது. இப்போது வசம்புத் துண்டுதான்.

இவ்வளவிலும் எனக்கு அதிகம் கைகொடுத்தது தை மாதம் ஒரு நாள் பெட்டிகளைத் திறந்து வைப்பது. கட்டும்போது காற்றில் இருந்த ஈரமெல்லாம் மூடிய டப்பாவுக்குள்தானே இருக்கிறது? பொங்கல் கழிந்து மழை விட்டதும், வெயில் படாத ஹாலில் மூடியைத் திறந்து ஒரு பகல் ஃபேன் போடுகிறேன், வசம்பையும் அன்றே மாற்றுகிறேன்.

இந்த முறைக்கு வந்து 6 வருடம் ஆகிறது. இரண்டு டப்பாக்களின் மூடி விளிம்பு விரிசல் விட்டது, மாற்றிவிட்டேன். பொம்மைகளில் ஒன்றுகூடப் பொரிந்து உதிரவில்லை. மரப்பாச்சி ஜோடி மட்டும் டப்பாவில் இல்லை. மாமியார் சுற்றிக் கொடுத்த அதே பட்டு ரவிக்கைத் துணியில், என் புடவை அலமாரியில் இருக்கிறது.