300 மில்லி ஆம்பியர் எல்இடி டிரைவர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒரு வாட் எல்இடிகள் பத்தைத் தொடரிணைப்பில் கோத்து நானே செய்துகொண்ட மேசை விளக்கு ஒன்றை, 300 மில்லி ஆம்பியர் மாறா மின்னோட்ட டிரைவரை (வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற மாறாத மின்னோட்டமாக மாற்றித் தரும் கருவியை)க் கொண்டு ஓராண்டுக்கும் மேலாக எரித்து வருகிறேன். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் எரியும் விளக்கு அது. இந்த வகை டிரைவர் ஒரே அமைப்பில் பல பெயர்களில் விற்கப்படுவதால், பெயரை விட்டுவிட்டு, வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண்களைப் பற்றியும் அவ்வெண்கள் என் அளவீட்டில் எந்த அளவுக்கு உண்மையாக இருந்தன என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். மின்னோட்டத்தைக் காப்பதில் டிரைவர் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் உறையின் மேல் அச்சிட்டிருக்கும் விவரமும் கம்பிகளின் தரமும் அதற்கு ஈடாக இல்லை.

முதலில் உறையைப் பார்ப்போம். அதன் மேல் பெரிய எழுத்தில் ‘8–12 × 1 வாட்’ என்றும், அதற்குக் கீழே கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் சிறிய எழுத்தில் ‘வெளியீடு 24–42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர்’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் டிரைவரைத் தேர்ந்தெடுக்க உதவுவது இரண்டாவது வரிதான். இக்கருவி மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தைச் சுமைக்கு ஏற்றபடி விட்டுக்கொடுக்கிறது. ஒரு வாட் வெள்ளை எல்இடி ஒன்றுக்கு அந்த மின்னோட்டத்தில் ஏறத்தாழ 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும் என்பதால், பத்தைக் கோத்தால் 30 முதல் 34 வோல்ட் வரும். அது 24க்கும் 42க்கும் நடுவில் வசதியாக அமைந்துவிடுகிறது. வாட் கணக்கை மட்டும் நம்பி, ‘3 வாட் எல்இடி நான்கு போட்டாலும் 12 வாட்தானே’ என்று ஒருவர் கோத்தால், நான்குக்கும் சேர்த்து 13 வோல்ட் அளவே தேவைப்படும். டிரைவரின் கீழ் எல்லையான 24 வோல்ட்டில் அது ஏறத்தாழப் பாதிதான். மேலும் அந்த எல்இடிகளுக்கு 600 அல்லது 700 மில்லி ஆம்பியர் வேண்டும். வாட் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் விடை. விடை பொருந்தியதாலேயே பெருக்கிய எண்களும் பொருந்திவிடும் என்று கொள்ள முடியாது. தயாரிப்பாளர் இரண்டாவது வரியைத்தான் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும்.

இதற்கு முன் நான் செய்த விளக்கில் வேறொரு டிரைவரைப் பயன்படுத்தினேன். அது 600 மில்லி ஆம்பியர் தருவது. ஐந்தைந்தாகக் கோத்த இரண்டு சரங்களைப் பக்க இணைப்பில் அதனோடு சேர்த்திருந்தேன். சரத்துக்கு 300 வீதம் சமமாகப் பிரியும் என்பது என் கணக்கு. அளந்து பார்த்தபோது ஒன்றில் 340, மற்றதில் 260 ஓடியது. எல்இடியின் மின்னழுத்தத்தைச் சிறிதளவு கூட்டினாலும் மின்னோட்டம் பெரிதாகக் கூடும். வகையைப் பொறுத்து 0.1 வோல்ட் கூடினாலே 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஏறக்கூடும். போதாக்குறைக்கு, எல்இடி சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தம் குறைகிறது. ஆகவே முதலில் சற்றே அதிகம் எடுத்த சரம் அதிகம் சூடாகி, அதனாலேயே இன்னும் அதிகமாக எடுத்துக்கொண்டது. சில வாரங்களில் ஒரு சரத்தின் பற்றவைப்பு விட்டுப்போய் அது அணைந்தது. டிரைவர் தன் கடமைப்படி 600 முழுவதையும் மிஞ்சிய ஒரே சரத்துக்குள் தள்ளியது. நான் கவனிப்பதற்குள் அந்த ஐந்தும் மங்கிக் கெட்டுவிட்டன. தொடரிணைப்பில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஒரே மின்னோட்டம்தான் எல்லா எல்இடிகள் வழியாகவும் போயாக வேண்டும் என்பதால், ஒன்றுக்கு 3.1 வோல்ட்டும் பக்கத்திலிருப்பதற்கு 3.3 வோல்ட்டும் தேவைப்பட்டாலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் தருகின்றன.

மின்னோட்டத்தை நான் அளந்த முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் ஒரு பாதுகாப்புக் காரணமும் அடங்கியிருக்கிறது. மல்டிமீட்டரை ஆம்பியர் அளவுக்கு மாற்றிச் சுற்றின் நடுவே செருகுவது வழக்கமான முறை. ஆனால் டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் முனை நழுவிச் சுற்று திறந்துகொண்டால், வெளியீட்டு மின்னழுத்தம் உடனே மேல் எல்லைக்கு ஏறிவிடும். முனை மீண்டும் தொட்டவுடன் வெளியீட்டு மின்தேக்கியில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் முழுவதும் எல்இடிகள் மேல் பாயும். எனவே சரத்தோடு 1 ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டேன். அதன் இரு முனைகளுக்கு இடையே 300 மில்லி வோல்ட் காட்டினால், 300 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். மின்தடையில் வீணாவது 0.09 வாட் மட்டுமே என்பதால் கால் வாட் மின்தடையே போதும். விளக்கை ஏற்றிய உடனே 296 மில்லி ஆம்பியரும், சரத்தின் மீது 31.6 வோல்ட்டும் இருந்தன. அரை மணி நேரம் கழித்து எல்இடிகள் சூடேறியபின் மின்னழுத்தம் 30.8 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, மின்னோட்டமோ 295ஐ விட்டு நகரவில்லை. ஓராண்டுக்குப் பிறகு அண்மையில் அளந்தபோதும் 294 காட்டியது. அச்சிட்ட எண்ணுக்கு இவ்வளவு நெருக்கமாக நிற்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

எல்லைகளையும் சோதித்தேன். ஏழு எல்இடிகளோடு, அதாவது 22 வோல்ட் அளவில், டிரைவர் ஒழுங்காகவே எரித்தது. ஆறாகக் குறைத்தவுடன் விளக்கு நொடிக்கொரு முறை கண்சிமிட்டத் தொடங்கியது. உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை மின்மாற்றியின் துணைச் சுருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெளியீட்டு மின்னழுத்தம் தாழ்ந்தால் துணைச் சுருளின் மின்னழுத்தமும் தாழ்ந்து, சில்லு அணைந்து, மீண்டும் தொடங்குகிறது. பதினான்கு எல்இடிகளைக் கோத்தபோது மறுமுனையில் இதே கண்சிமிட்டல் நேர்ந்தது. அதனால் பன்னிரண்டு வரை போடலாம் என்று எழுதியிருந்தாலும் பத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. குளிர்ந்த நிலையில் எல்இடிகளுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும் என்பதை எண்ணி அந்த இடைவெளியை விட்டு வைக்க வேண்டும். வெள்ளையோடு சிவப்பு எல்இடிகளைச் சேர்த்துக் கோப்பவர்கள், சிவப்புக்கு 2 முதல் 2.4 வோல்ட் போதும் என்பதால், எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல் ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சுமை எதுவும் இல்லாமல் டிரைவருக்கு மின்சாரம் கொடுத்தபோது வெளியீட்டில் 52 வோல்ட் இருந்தது. உறையில் இந்த எண் எங்கும் இல்லை. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன், ஏனெனில் முதலில் டிரைவரை இயக்கிவிட்டுப் பிறகு எல்இடிகளைத் தொட்டுப் பார்ப்பது புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய செயல். 31 வோல்ட் போதுமான சரத்தின் மேல் 52 வோல்ட் வரை ஏறிய மின்தேக்கியை இணைத்தால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி செயல்படுவதற்கு முன்பே மின்தேக்கி நேரடியாக எல்இடிகள் வழியே தீர்ந்துவிடும். எல்இடிக்குள் இருக்கும் முடியினும் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. முதலில் சரத்தை முழுமையாக இணைத்து, நேர், எதிர் முனைகளைச் சரிபார்த்து, அதன் பின்னரே உள்ளீட்டுச் சுவிட்சைப் போட வேண்டும். இந்த ஒரு வரியை உறையில் அச்சிட இடம் இருக்கத்தான் செய்கிறது.

உள்ளீட்டையும் வெளியீட்டையும் மின்மாற்றியால் பிரித்திருக்கும் டிரைவர் இது. வாங்கும்போது இதை அவசியம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிரிக்கப்படாத டிரைவர்களும் இதே உருவத்தில் கிடைக்கின்றன. அவற்றின் வெளியீடு 30 வோல்ட்தான் என்று மீட்டர் காட்டினாலும், அந்தக் கம்பிகளில் ஒன்றைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவருக்கு முழு மின்வழங்கலின் அதிர்ச்சியும் கிடைக்கக்கூடும். மூடிய பிளாஸ்டிக் பல்புக்குள் அவை இருக்கலாம், ஆனால் கையால் தொடக்கூடிய அலுமினியத் தகட்டின் மேல் எல்இடிகளை ஒட்டிச் செய்யும் விளக்குக்கு அவை ஒருபோதும் ஆகா. பிரிக்கப்பட்ட இந்த டிரைவரிலும் தகட்டைத் தொடும்போது விரலில் மிக மெல்லிய கூச்சம் ஒன்று இருந்தது. இரைச்சலைக் குறைப்பதற்காக உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே வைக்கப்படும் சிறு மின்தேக்கி வழியாகக் கசியும் நுண்ணிய மின்னோட்டம் அது. தகட்டை எர்த் கம்பியோடு இணைத்தேன். கூச்சம் அறவே நின்றுவிட்டது.

ஒளித் துடிப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசிக் கேமராவை விளக்கின் அருகே கொண்டுபோனபோது கோடுகள் ஓடவில்லை, நெடுநேரம் படித்தாலும் கண் சோர்வதில்லை. இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு: உள்ளீட்டில் பெரிய மின்தேக்கி வைத்து அலைகளைச் சமன்படுத்தும் இவ்வகை டிரைவரில் திறன் காரணி (இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்பதைக் காட்டும், 1க்கு மேற்படாத விகிதம்) தாழ்ந்தே இருக்கும், என் மீட்டரில் 0.56 காட்டியது. ஒற்றை விளக்குக்கு அது பொருட்டல்ல, ஆனால் ஒரு கட்டடம் முழுவதற்கும் நூற்றுக்கணக்கில் போடுகிறவர்கள் 0.9க்கு மேல் உள்ளதைத் தேட வேண்டும். 10.9 வாட் உள்ளே போய் 9.1 வாட் வெளியே வருகிறது. 83 விழுக்காடு திறன் இந்த அளவுள்ள கருவிக்கு நியாயமானதே.

வெப்பத்தில்தான் எனக்குக் கவலை உண்டு. திறந்த வெளியில் இரண்டு மணி நேரம் எரிந்த பின் உறையின் வெப்பநிலை 51 பாகை செல்சியஸ். அதையே விளக்கின் மூடிய உடலுக்குள் வைத்தபோது 68. டிரைவரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்குள் இருக்கும் மின்பகு மின்தேக்கிதான். வெப்பநிலை 10 பாகை ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. எனவே டிரைவரை விளக்கின் உடலிலிருந்து எடுத்து, மேசையின் அடியில் காற்றுப்படும்படி பொருத்திவிட்டேன். நீளும் கம்பியைப் பற்றிய அச்சம் தேவையில்லை. 300 மில்லி ஆம்பியருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி தாராளமாகப் போதும், அதில் ஏற்படும் சிறு மின்னழுத்த இழப்பையும் டிரைவரே ஈடுசெய்துகொள்ளும்.

கம்பிகள் மிக மெலிந்தவை. உள்ளீட்டுக் கம்பிகள் இரண்டும் ஒரே வெள்ளை நிறத்தில் இருக்கின்றன, உறையிலிருந்து வெளிவரும் இடத்தில் இழுவையைத் தாங்கும் பிடிப்பும் இல்லை. மூன்றாம் மாதத்தில் ஒன்று அடியோடு தளர்ந்தது. வெளிவரும் இடத்திலேயே இரண்டையும் கட்டிப் பலகையில் இறுக்கி வைத்த பிறகு தொல்லை இல்லை. ஒளியைக் குறைத்துக் கூட்டும் வசதி இதில் கிடையாது, அதற்குரிய சுவிட்சோடு இதை இணைக்கவும் கூடாது.

தொடரிணைப்பின் மேல் பலர் வைக்கும் குறை, ஒன்று அறுந்தால் அனைத்தும் அணையும் என்பது. உண்மைதான், பத்தாம் மாதத்தில் எனக்கும் அப்படி நேர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தி, மல்டிமீட்டரின் டையோடு அளவில் ஒவ்வொரு எல்இடியாகத் தொட்டபோது ஒன்பது மங்கலாக ஒளிர்ந்தன, ஏழாவது ஒளிரவில்லை. மாற்றுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்இடி அறுந்துபோகாமல் குறுக்கிணைப்பாகக் கெட்டிருந்தால், டிரைவர் மின்னழுத்தத்தை 3 வோல்ட் குறைத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் அதே மின்னோட்டத்தில் எரித்திருக்கும். மாறா மின்னழுத்தம் தரும் அடாப்டரில் அந்த 3 வோல்ட் மிஞ்சியவற்றின் மேல் ஏறியிருக்கும்.

மின்தடைகள் உள்ளேயே பதித்து வரும் 12 வோல்ட் எல்இடி பட்டைகளுக்கு இந்த டிரைவர் பொருந்தாது. அவற்றுக்கு மாறா மின்னழுத்த அடாப்டரே வேண்டும். தனித்தனி ஒரு வாட் எல்இடிகளைக் கோத்து விளக்கு செய்கிறவர்களுக்கு, எட்டு முதல் பத்து வரை கோப்பதானால், தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அலமாரிக்காகச் செய்துவரும் இரண்டாவது விளக்குக்கும் இதையே வாங்கியிருக்கிறேன். அது 303 மில்லி ஆம்பியர் தருகிறது, அதன் உள்ளீட்டுக் கம்பிகளும் வெள்ளையாகவே இருக்கின்றன.