67 வயசுல கோல்ஃப் மட்டைக்கு (கிளப்புக்கு) அளவெடுத்தேன், நம்ம சென்னைல

"சார், தப்பா நெனைக்காதீங்க, மூணு ஹோலா பாத்துட்டு வர்றேன், கிளப்ப ரெண்டு இஞ்ச் எறக்கியே புடிக்கிறீங்க, கட்டவெரல் வலிக்குதா?"

நந்தனம் கோல்ஃப் கோர்ஸ்ல நாலாவது ஹோலோட டீல, அதாவது முதல் அடி அடிக்கிற எடத்துல நிக்கும்போது எனக்குப் பை தூக்க வந்த கேடி இப்படிக் கேட்டாரு. காலைல ஏழு மணி தான் இருக்கும், புல்லுல ஈரம் கூடக் காயல. நான் அப்படியே நின்னுட்டேன், ஏன்னா இடது கட்டைவிரல் அடி மூட்டு தேஞ்சு போயி ரெண்டு வருஷமா வலிக்குதுங்கிறது என் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும், கூட ஆடுற நண்பர்கள் கிட்ட கூட நான் சொன்னதில்ல.

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி. பொறந்து வளந்தது சைதாப்பேட்டை, இப்ப இருக்குறது நியூ ஜெர்சி, போயி முப்பது வருஷம் தாண்டிருச்சு. கோல்ஃப் கத்துக்கிட்டது அங்க, நாப்பது வயசுக்கு மேல, ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னு போனது அப்படியே ஒட்டிக்கிச்சு. அங்க டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் குளிர்ல ஆட முடியாது, அதனால ரிட்டயர் ஆனதுல இருந்து ஜனவரி பிப்ரவரி ரெண்டு மாசமும் ஊருக்கு வந்துடுறோம். மச்சான் மெம்பர், அவர் கூட கெஸ்ட்டா போயி வாரம் ரெண்டு தடவ ஆடுவேன். இந்த தடவ ஆடுனத விட கிளப்பைச் சரி பண்ணினதுதான் பெரிய விஷயமாப் போச்சு, என் வயசுல இருக்குற நம்மாளுங்க நெறைய பேர் வெளிநாட்டுல ஆடுறாங்க, அவங்களுக்கு உதவும்னுதான் விலாவாரியா எழுதுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்கால ஒரு பெரிய கடைல ஃபிட்டிங் பண்ணினேன், அதாவது நம்ம உடம்புக்கும் ஆட்டத்துக்கும் ஏத்த மாதிரி கிளப்ப அளவெடுத்து அமைக்கிறது. முக்கா மணி நேரம். உள்ள திரை, வலை, அடியோட வேகம், பந்து போற தூரம் எல்லாம் அளக்குற லான்ச் மானிட்டர் மெஷின் எல்லாம் இருந்துச்சு. அங்க இருந்த பையன் நல்ல பையன்தான், ஆனா பத்துப் பந்து அடிக்கச் சொன்னான், அதுல எது அதிக தூரம் போச்சோ அந்த ஷாஃப்ட்டையே (கிளப்போட தண்டு) எடுத்து வச்சான். அன்னிக்கு நல்லா தூங்கி எந்திரிச்சு, வார்ம் அப் பண்ணி, கடைல நாலு பேர் பாக்குறாங்கன்னு பலம் கொண்ட மட்டும் அடிச்ச பந்து அது. முகம் 9.5 டிகிரி சாஞ்ச டிரைவர் (முதல் அடிய தூரமா அடிக்கிற பெரிய தலை கிளப்), ஸ்டிஃப், அதாவது அதிகம் வளையாத ஷாஃப்ட்டுன்னு முடிவாச்சு. கோர்ஸ்ல முதல் அஞ்சாறு ஹோல் பரவால்ல, பத்தாவது ஹோலுக்கு அப்புறம் பந்து எந்திரிக்கவே எந்திரிக்காது, தாழ்வாப் போயி வலது பக்கம் சாயும். என் ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னே நெனச்சேன். ஒரு சீசன் முழுக்க அந்த நெனப்புலயே ஆடினேன், அந்த வருத்தம் சின்ன வருத்தம் இல்ல.

கேடி கேட்டதும் எல்லாத்தையும் அவர் கிட்ட சொல்லிட்டேன். அவர் என் டிரைவரை வாங்கி லேசா ஆட்டிப் பாத்துட்டு, "இது உங்களுக்கு ரொம்ப வெறப்பா இருக்கு சார், எனக்கே வெறப்பா இருக்கும்"னாரு. இருபத்தஞ்சு வருஷமா பை தூக்குறாராம். இவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது, ரவுண்டுக்கு இவ்வளவுன்னுதான், ஆனா ஒரு நாளைக்கு நாலு பேர் ஸ்விங்க பக்கத்துல நின்னு பாக்குறாங்க, அந்தக் கண்ணு எந்த மெஷினுக்கும் வராது. கொல்கத்தால எஸ்.எஸ்.பி. சவ்ராசியான்னு கோல்ஃப் ஆட்டக்காரர் இருக்காரே, 2016லயும் 2017லயும் இந்தியன் ஓப்பன் ஜெயிச்சவர், அவங்க அப்பா கோல்ஃப் கோர்ஸ்ல புல்லு பராமரிச்சவர்தான். நம்ம நாட்டுல இந்த ஆட்டத்தோட அறிவு பெரும்பாலும் இவங்க கிட்டதான் இருக்குன்னு நான் மனசார நம்புறேன்.

அவர்தான் ஒரு தம்பியோட நம்பர் குடுத்தாரு. ஊருக்கு வெளிய ஒரு பிராக்டிஸ் ரேஞ்ச் ஓரமா சின்ன ரூம், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கிளப் ஃபிட்டிங்கும் ரிப்பேரும் மட்டும்தான் வேல. போன உடனே பந்து அடிக்க விடுவாருன்னு பாத்தா, அர மணி நேரம் கேள்விதான். நடந்து ஆடுவீங்களா கார்ட்டா, வாரத்துக்கு எத்தனை ரவுண்டு, எந்த ஹோல்ல இருந்து வலி ஆரம்பிக்குது, தோள்ல ஏதாவது பிரச்சின இருந்துச்சா, காலைல எந்திரிச்சதும் கை மடக்க முடியுதான்னு ஒண்ணொண்ணா கேட்டு நோட்டுல எழுதுறாரு. ஷூவோட நிக்க வச்சு மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளந்தாரு, அப்புறம் உள்ளங்கை, நடுவிரல் நீளம். தையக்காரர் கிட்ட நின்ன மாதிரியே இருந்துச்சு.

முதல்ல கை வச்சது கிரிப்ல, அதான் கைப்பிடி ரப்பர் உறை. "அங்கிள், உங்க கிரிப் மெலிசு, மெலிசா இருந்தா வெரல் இறுக்கிப் புடிக்கும், இறுக்கினா கட்டவெரல் மூட்டு அழுத்தம் வாங்கும், வலிக்கும்போது நீங்க தன்னால கீழ எறக்கிப் புடிக்கிறீங்க, அப்ப கிளப்போட நீளமே மாறிடுது." கேடி ஒரே வரில கேட்டதுக்கு காரணம் இதுதான்.

என் 7 அயர்ன (இரும்புத் தலை கிளப், நம்பர் கூடக் கூட முகம் அதிகமா சாஞ்சிருக்கும்) வைஸ்ல மாட்டி, வளைஞ்ச பிளேடால பழைய கிரிப்ப நீளவாக்குல கீறினாரு, வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. உள்ள பழைய டேப் பிசுக்கு, அத சுரண்டி, தின்னர் போட்டுத் துடைச்சாரு. அப்புறம் மாஸ்கிங் டேப் சுத்துறாரு, ஒரு சுத்துக்கு ஒரு இஞ்ச்ல அறுபத்து நாலுல ஒரு பங்கு தடிமன் கூடுமாம், நாலு சுத்து சுத்தினா ஸ்டாண்டர்டு கிரிப் அடுத்த பெரிய அளவான மிட்சைஸுக்கு வந்துரும். வலது கை புடிக்கிற எடத்துல மட்டும் ரெண்டு சுத்து கூடுதலா போட்டாரு, ஏன்னா கிரிப் கீழ போகப் போக மெலியும், அந்த மெலிவு இல்லன்னா வலது கை நெறிக்காது. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப், கிரிப்போட வாய்க்குள்ள தின்னர் ஊத்தி ஆட்டி டேப் மேல ஊத்தி ஒரே தள்ளு, உள்ள போயிருச்சு. நூல் கலந்த கிரிப் வேர்வைக்கு நல்லதுன்னு மச்சான் சொல்லியிருந்தாரு, இவர் வேணாம்னுட்டாரு, அது சொரசொரன்னு இருக்கும், வலிக்குற கைக்கு ஆகாது, மெதுவான ரப்பர் போட்டு வாரம் ஒரு தடவ சோப்புத் தண்ணில கழுவுங்க போதும்னாரு. கையில வாங்கிப் புடிச்சேன். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா கட்டைவிரல் சும்மா மேல கெடந்துச்சு, அழுத்தவே இல்ல. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

அடுத்தது லை ஆங்கிள், அதாவது கிளப்போட தண்டு தரையோட சேர்ற கோணம். பந்துக்குப் பின்பக்கம் மார்க்கர்ல நேர் கோடு போட்டு அடிக்கச் சொன்னாரு, அந்தக் கோடு கிளப் முகத்துல பதியும், நேரா பதிஞ்சா சரி. எனக்கு சாஞ்சு பதிஞ்சது. முதுகு முன்ன மாதிரி வளையாததால நான் நிமிந்து நிக்குறேன், கை ஒசந்துடுது, கிளப்போட மூக்கு தரைல குத்துது, முகம் வலது பக்கம் பாக்குது. வலது பக்கம் போற பந்துக்கு என் ஸ்விங்க மட்டுமே குறை சொல்லிட்டு இருந்தேன், பாதிக்குப் பாதி இதுதான். என் அயர்ன் பத்து வருஷப் பழசு, ஃபோர்ஜ்டு, அதாவது அடிச்சுச் செஞ்ச மெதுவான இரும்பு, அதனால வளைக்கலாம், மெஷின்ல பூட்டி நீளமான கம்பிய கழுத்துல மாட்டி ரெண்டு டிகிரி நிமித்தினாரு. புது அயர்ன் செட் வாங்கட்டுமான்னு நானே கேட்டேன், வேணாம்னாரு. இப்ப வர்ற செட்டுல 7 அயர்னோட முகச் சாய்வே 30 டிகிரிக்கும் கீழ வருது, என்னோடது 34, ஸ்விங் வேகம் குறைஞ்சவங்களுக்கு உயரம் முக்கியம், நம்பர்ல தூரம் காட்டி என்ன பிரயோஜனம், பந்து கிரீன்ல (குழி இருக்குற புல்தரை) நிக்காம ஓடிடுமேன்னாரு. விக்க வாய்ப்பு இருந்தும் விக்கலயே, அந்த ஒரு விஷயத்துலயே அவர் மேல நம்பிக்க வந்துருச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் நான் எழுத உக்காந்ததுக்கே காரணம். லான்ச் மானிட்டர் வச்சு டிரைவர் அடிச்சேன், கிளப்ப வீசுற வேகம் மணிக்கு 82 மைல். பத்து வருஷம் முன்னாடி 95 இருந்தது. குறிச்சுக்கிட்டாரு, ஆனா எந்த ஷாஃப்ட்டும் எடுத்துக் குடுக்கல. "நாளன்னிக்கு 18 ஹோல் நடந்து ஆடிட்டு, வீட்டுக்குப் போகாம நேரா இங்க வாங்க"ன்னாரு. போனேன், கால் ரெண்டும் கெஞ்சுது, மத்தியான வெயில். அடிச்சா 77. பந்து 9 டிகிரில கெளம்பி 158 யார்டுல விழுந்துருச்சு. "இதுதான் அங்கிள் நீங்க பாதி ரவுண்டு ஆடுற ஆளு, இவருக்குத்தான் கிளப் வேணும்"னாரு.

அன்னிக்குக் களைச்சுப் போன கையோடயே அஞ்சு ஷாஃப்ட் மாத்தி மாத்தி அடிச்சேன். ஒரு கம்பெனியோட ரெகுலர் இன்னொரு கம்பெனியோட சீனியர் மாதிரி வளையும், வளைவக் காட்ட ஷாஃப்ட்டுல போடுற எழுத்துக்கு பொதுவான அளவே கிடையாது, அதனால எழுத்தப் பாக்காம பந்தப் பாருங்கன்னு ஸ்டிக்கர மறைச்சே குடுத்தாரு. கடைசில தேறினது 50 கிராம் எடை சீனியர் ஷாஃப்ட். டிரைவர் தலைய மாத்தல, கழுத்துல இருக்குற ஸ்லீவ (சாய்வு மாத்துற உறை) திருப்பி 9.5 டிகிரிய 11 ஆக்கினாரு, நீளம் 45.5 இஞ்ச்ல இருந்து 44.5, தலை லேசாயிடக் கூடாதுன்னு கொஞ்சம் எடை சேத்தாரு. நல்லா இருக்கும்போது 178 யார்டு போனது 185 ஆச்சு, அது பெரிசில்ல. களைச்சப்ப 158 போனது 170 ஆச்சு, அதுதான் பெரிசு. சென்னை சூட்டுல பந்து கொஞ்சம் கூடவே பறக்கும்னு மெஷின்ல வெப்பநிலைய 15 டிகிரிக்கு மாத்திப் போட்டுத்தான் இந்தக் கணக்கு, அங்க போயி நீங்க ஏமாறக் கூடாதுன்னாரு.

4 அயர்னும் 5 அயர்னும் பையில இருந்து போயிருச்சு, பதிலா ஒரு 7 வுட்டும் (பந்த ஒசரத் தூக்குற, அயர்ன விடப் பெரிய தலை கிளப்) ஒரு ஹைப்ரிடும் (வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவுல உள்ள கிளப்), ரெண்டும் செகண்ட் ஹேண்ட். என் 5 அயர்ன் தட்டையா எறங்கிட்டு இருந்தது, கிரீன்ல நிக்கணும்னா 45 டிகிரி கிட்ட எறங்கணும், 7 வுட் அத லேசாப் பண்ணுது. மத்த அயர்னுக்கு ஸ்டீல எடுத்துட்டு கிராஃபைட் ஷாஃப்ட், ஒரு கிளப்புக்கு நாப்பது கிராமுக்கு மேல எடை குறைஞ்சது, அதிர்வும் கைக்கு ஏறல.

கொறையும் சொல்லிடுறேன். ட்ரை பண்ணிப் பாக்க தலைகளும் ஷாஃப்ட்டும் அமெரிக்கால இருக்குற அளவுக்கு இல்ல, எடது கை ஆட்டக்காரங்க பாடு கஷ்டம்தான். ஷாஃப்ட் வெளிய இருந்து வரணும், எனக்கு வர 16 நாள் ஆச்சு, நடுவுல மூணு தடவ நாளைக்கு நாளைக்குன்னாங்க, திரும்பிப் போற டிக்கெட்ட கையில வச்சுக்கிட்டு அது பெரிய பதட்டம். 8 அயர்ன் கால் இஞ்ச் கொறச்சலா வந்துச்சு, வீட்டுல அளந்து பாத்துச் சொன்னேன், மறுநாளே தன் செலவுல புது ஷாஃப்ட் போட்டுக் குடுத்தாரு. பசை முழுசா இறுக ஒரு ராத்திரி வேணும்னு அன்னிக்கு அடிக்க விடல. மொத்தச் செலவு எல்லாம் சேத்து 85,000 ரூபாய் கிட்ட, அதுல ஃபிட்டிங் ஃபீஸ் 4,000 தான், மீதி சாமான். ஊருக்கு வந்து இத பண்ணணும்னு இருக்குறவங்க வந்த முதல் வாரமே போயிடுங்க, கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க.

கெளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடி அதே கேடியோட ஆடினேன். பதினாறாவது ஹோல், நல்ல வெயில், இன்னும் 150 யார்டு இருக்கு. நான் பைக்குள்ள கைய விடுறதுக்குள்ள 7 வுட்ட உருவி நீட்டிட்டாரு. பந்து ஒசரப் போயி கிரீன்ல விழுந்து ரெண்டு குதி குதிச்சு நின்னுச்சு. அவர் என் பந்தப் பாக்கல, என் கையத்தான் பாத்துட்டு இருந்தாரு, "எறக்கிப் புடிக்கல சார்"னாரு.

போன வாரம் இங்க சீசன் ஆரம்பிச்சிருச்சு. முதல் ரவுண்டு முடிச்சு, களைப்போடயே ரேஞ்சுல நின்னு பேரன வீடியோ எடுக்கச் சொல்லி அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ராத்திரி பதில் வந்துச்சு: கை நல்லா இருக்கு அங்கிள், பந்த ஒரு இஞ்ச் முன்னாடி வைங்க, கிரிப்ப இன்னும் கழுவலன்னு தெரியுது, கழுவுங்க.